"இனி வராதே, போ!" - வசவுக்குக் கோர்ட்டில் கேள்வி உண்டா?

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் தெரு விளக்கு மட்டும் எரிகிறது. கையில் தூக்குச் சட்டி. அதில் சோறு. தோளில் மழைக்குக் கொங்காணி. பெண்கள் ஜீப்புக்காகக் காத்து நிற்கிறார்கள்.

ஜீப் வரும். நெருக்கி அடித்து ஏறுவார்கள். போடியைக் கடந்து, முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்குப் போவார்கள். அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை. எங்கு பார்த்தாலும் ஏலக்காய்த் தோட்டம். மாலையில் அதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இப்படித்தான்.

இப்போது ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். இது கற்பனைதான். ஆனால் எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியது.

மத்தியான நேரம். மேஸ்திரி வருகிறார். ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார். "நாளையிலிருந்து நீ வராதே" என்கிறார். அதோடு விட்டாரா? இல்லை. "திருடி" என்றார். சாதியைச் சொன்னார். பெற்ற தாயையும் இழுத்தார். இருபது பேர் காய் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கொங்காணியை மடித்து எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

வேலை போனது ஒரு அடி. வார்த்தை இன்னொரு அடி. முதல் அடிக்குச் சட்டம் இருக்கிறது என்று பலருக்கும் தெரியும். இரண்டாவது அடிக்கு?

"வாயால் சொன்னதற்கு எங்கே போய் வழக்குப் போடுவது? விடு மதினி!" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லுவார்.

அவர் சொல்வதில் பாதி சரி. பாதி தப்பு. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தப்பு என்று பார்ப்போம்.

கல்கத்தா மானேஜர்

இந்தக் கேள்விக்கு உலகத்தில் மிகவும் பேர் பெற்ற தீர்ப்பு ஒன்று உண்டு. அது லண்டனில் சொல்லப்பட்டது. ஆனால் கதை நடந்தது நம் நாட்டில், கல்கத்தாவில்!

பாட்டுப் பெட்டி விற்ற கிராமபோன் கம்பெனியைப் பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்குக் கல்கத்தாவில் ஒரு மானேஜர் இருந்தார். பெயர் ஆடிஸ். வாரம் 15 பவுன் சம்பளம். விற்பனைக்கு ஏற்பக் கமிஷன் தனி. அவரை நீக்க வேண்டுமானால் 6 மாதம் முன்னால் நோட்டீசு கொடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

1905 அக்டோபரில் கம்பெனி நோட்டீசு கொடுத்தது. கொடுத்த கையோடு அவர் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்தது. 6 மாதமும் வேலை பார்க்க விடவில்லை. ஊர் அறிய, வியாபாரிகள் அறிய, அவரை ஒதுக்கி வைத்தது. "இவர் என்ன தப்புச் செய்தாரோ?" என்று கல்கத்தா பேசாமல் இருக்குமா? அந்த டிசம்பரில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அங்கே வழக்குப் போட்டார். ஜூரிகளுக்கு அவர் மேல் இரக்கம் பிறந்தது. நீக்கியது தப்பு என்று 600 பவுன் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். கமிஷனுக்காக 340 பவுன் தனி. வழக்கு மேலே மேலே போயிற்று. 1909-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அன்று இங்கிலாந்தின் மிகப் பெரிய கோர்ட்டு அதுதான்.

தீர்ப்பு என்ன? நோட்டீசு காலத்துச் சம்பளம் உண்டு. வர வேண்டிய கமிஷன் உண்டு. ஆனால், நீக்கிய விதம் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், எவ்வளவு அவமானமாக இருந்தாலும், அதற்கென்று ஒரு காசும் கிடையாது!

"ஒப்பந்தத்தை மீறினால் ஒப்பந்தத்தில் உள்ள பணத்தைக் கேள். மனம் புண்பட்டதற்கு விலை கேட்காதே." இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரே ஒரு நீதிபதி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பெயர் காலின்ஸ் பிரபு.

ஒரு மானேஜருக்கே இந்தக் கதி! கூலி ஆளுக்குக் கேட்க வேண்டுமா?

இந்தத் தீர்ப்பு இங்கிலாந்தில் வெகு நாள் ஆண்டது. யூனிசிஸ் கம்பெனி தன்னிடம் இருபது வருடத்துக்கு மேல் தொடர்பு இருந்த ஜான்சன் என்பவரை 1994-ல் திடீரென்று நீக்கியது. அந்த அதிர்ச்சியில் அவர் மனம் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொழிலாளர் தீர்ப்பாயம் "நீக்கியது அநியாயம்" என்று சுமார் 11,700 பவுன் கொடுத்தது. "என் வாழ்வே போயிற்று. 4 லட்சம் பவுன் வேண்டும்" என்று அவர் தனி வழக்குப் போட்டார். 2001-ல் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது.

கனடா நாடு கொஞ்சம் இளகியது. வாலஸ் என்ற விற்பனையாளரின் வழக்கில் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1997-ல் ஒரு புது வழி சொன்னது. ஆளை நீக்கலாம். ஆனால் நீக்கும்போது நேர்மையாக நடக்க வேண்டும். பொய் சொல்லி, அவமானப்படுத்தி நீக்கினால், நோட்டீசு சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றது. வாலசுக்கு 24 மாதச் சம்பளம் கிடைத்தது.

நம் நாட்டில் எப்படி?

தொழிலாளி பேசினால்?

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். வேடிக்கை என்று நான் சொல்கிறேன். அடிபட்டவருக்கு அது வேடிக்கை அல்ல.

"வேலை இடத்தில் கெட்ட வார்த்தை" என்று நம் நாட்டுத் தீர்ப்புப் புத்தகங்களைப் புரட்டினால் ஏராளமான வழக்குகள் கிடைக்கும். ஆனால் அவற்றில் திட்டியவர் பெரும்பாலும் முதலாளி அல்ல. தொழிலாளி! மேலதிகாரியைத் திட்டியதற்காக வேலை போனவர்கள் போட்ட வழக்குகள் அவை.

1982-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்று. அதிகாரியிடம் துடுக்காகப் பேசினார் என்று ஒருவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். சுப்ரீம் கோர்ட்டு, "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்ற எண்ணத்தில் நீக்கத்தை ரத்துச் செய்தது. 1984-ல் டெல்டன் கேபிள் கம்பெனி வழக்கிலும் அப்படியே. திட்டியது சிறு குற்றம், நீக்கியது பெருந்தண்டனை என்று சொல்லி, பாக்கிச் சம்பளம் முழுவதோடும் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

ஆனால் 2005-ல் காற்று மாறியது. மகிந்திரா கம்பெனித் தொழிலாளி ஒருவர் மேலாளை ஆபாசமாகத் திட்டினார் என்று வேலையை இழந்தார். தொழிலாளர் கோர்ட்டு, "வேலை கொடு" என்றது. சுப்ரீம் கோர்ட்டு, "முடியாது, நீக்கியது சரிதான்" என்று சொல்லிவிட்டது.

ஆகவே தொழிலாளி வாய் தவறினால் அதற்குப் பெயர் இருக்கிறது: ஒழுங்கீனம். விசாரணை இருக்கிறது. தண்டனை இருக்கிறது. முதலாளியோ, அவர் ஆளோ வாய் தவறினால் அதற்குத் தொழிலாளர் சட்டத்தில் நேரான ஒரு பெயர் கூட இல்லை. தராசின் ஒரு தட்டில் மட்டும் படிக்கல் இருக்கிறது!

செகந்திராபாத் தீர்ப்பு

சரி, தொழிலாளர் சட்டம் வேண்டாம். போலீசுக்குப் போனால்?

செகந்திராபாத்தில் மத்திய சர்க்கார் நிறுவனம் ஒன்று. மனவளர்ச்சி குன்றியோருக்கானது. அங்கே வேலை பார்த்த உதவிப் பேராசிரியை ஒருவர், "இயக்குநர் என்னை எல்லோர் முன்னாலும் உரக்கத் திட்டினார், என் உடல் நலம் கெட்டது" என்று 2022-ல் புகார் கொடுத்தார். வேண்டுமென்றே அவமதித்தது என்ற பிரிவில் வழக்குப் பதிவாயிற்று. அதில் 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

கோர்ட்டு வழக்கை ரத்துச் செய்துவிட்டது. வேலை விஷயமாக மேலதிகாரி கண்டிப்பது குற்றம் ஆகாது. அதைக் குற்றம் என்றால் எந்த அலுவலகத்திலும் ஒழுங்கு இருக்காது. இப்படி நீதிபதிகள் கருதினார்கள்.

இந்தத் தீர்ப்பைச் சிலர் "இனி மேலதிகாரி எதை வேண்டுமானாலும் பேசலாம்" என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். அது தப்பு. அந்த வழக்கில் இருந்தது வேலையைப் பற்றிய கண்டிப்பு. "ஏன் புகார் அனுப்பினாய்? ஏன் சரியாக வேலை செய்யவில்லை?" என்ற மாதிரி. தாயை இழுப்பதும், சாதியைச் சொல்வதும் வேலையைப் பற்றிய கண்டிப்பா?

ஆனாலும் வெறும் கெட்ட வார்த்தைக்கு மட்டும் போலீஸ் வழக்கு நிற்பது கஷ்டம்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294 (பி) என்று ஒரு பிரிவு இருந்தது. நம் ஊர்ப் போலீஸ் நிலையங்களில் தெருச் சண்டை என்றாலே இந்தப் பிரிவைப் போடுவார்கள். தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குக் கடிவாளம் போட்டது. திட்டினால் மட்டும் போதாது, அது ஆபாசமாக, காம எண்ணத்தைத் தூண்டுவதாக இருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்றது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இதே குற்றம் 296-வது பிரிவு. வேண்டுமென்றே அவமதித்துச் சண்டைக்கு இழுப்பது 352-வது பிரிவு. எண்தான் மாறியது. கடிவாளம் அப்படியே இருக்கிறது.

"விடு மதினி" என்றவர் சொன்னதில் பாதி சரி என்றேனே, அது இதுதான்.

எந்த வார்த்தை?

இனித் தப்பான பாதிக்கு வருவோம். வசவு என்றால் எல்லாம் ஒன்று அல்ல. என்ன வார்த்தை சொன்னார், யார் முன்னால் சொன்னார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும்.

சாதியைச் சொல்லித் திட்டினால் கதை வேறு. அடிபட்டவர் தாழ்த்தப்பட்ட வகுப்பையோ மலைவாழ் இனத்தையோ சேர்ந்தவராக இருந்து, திட்டியவர் அப்படி இல்லாதவராக இருந்தால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். தண்டனை 6 மாதத்துக்குக் குறையாது. 5 வருடம் வரை போகலாம். அபராதமும் உண்டு.

ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. "பொதுமக்கள் பார்வையில்" திட்டியிருக்க வேண்டும். நாலு சுவருக்குள், வேறு ஆள் இல்லாத இடத்தில் திட்டினால் இந்தப் பிரிவு நிற்காது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2025 ஜனவரியில் நம் திருச்சி மாவட்டம் லால்குடி வழக்கிலும் அதையே சொன்னது. அங்கே திட்டு வாங்கியதாகச் சொன்னவர் சர்க்கார் அலுவலர். அவருடைய அறைக்குள்ளேயே நடந்தது. பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். வழக்கு ரத்து.

தோட்டத்தில் எப்படி? தோட்டம் தனியார் சொத்துதானே என்று கேட்கலாம். தனியார் இடமாக இருந்தாலும் பிறர் கண்ணில் படும் இடமானால் போதும் என்று 2008-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் கார் பக்கத்தில் நின்ற டிரைவரைத் திட்டிய வழக்கு அது. ஆகையால் ஏலச் செடிகளுக்கு நடுவில், இருபது பேர் பார்க்கத் திட்டினால் வாதாட இடம் உண்டு. காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் திட்டினால் கஷ்டம். அதே வார்த்தை. அதே வலி. ஒரு கதவு நடுவில் வந்து சட்டத்தை மாற்றிவிடுகிறது! இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

பெண் என்பதால் கேவலமாகப் பேசினால் 79-வது பிரிவு. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு பேசும் பேச்சுக்கு 3 வருடம் வரை தண்டனை. அது தவிர 2013-ல் வந்த சட்டம் ஒன்று, வேலை இடத்தில் பெண்களிடம் பாலியல் ரீதியாகப் பேசுவதையே தொல்லை என்கிறது. கையைத் தொட்டிருக்க வேண்டியது இல்லை. பேச்சே போதும். 10 பேருக்குக் குறைவான இடமானால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு எழுதலாம். 3 மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

"திருடி" என்றாரே, அது? பொய்யாக ஒருவரைத் திருடி என்று பிறர் காதுபடச் சொல்வது மானநஷ்டம். போலீஸ் இதில் நேராக வழக்குப் பதியாது. மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டில் நாமே புகார் கொடுக்க வேண்டும். பணமாக நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதானால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். பெரிய வேலை. செலவும் உண்டு. ஆனால் "திருடி" என்ற பட்டத்தோடு அடுத்த தோட்டத்தில் வேலை கேட்க முடியுமா? மலையில் செய்தி ஜீப்பைவிட வேகமாகப் போகும்.

மூணாறில் ஒரு வார்த்தை

வார்த்தைக்காகப் பெண்கள் தெருவில் உட்கார்ந்த கதை இந்த மலையிலேயே உண்டு.

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் போனசுக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். 20 சதவிகிதம் கிடைத்துக்கொண்டிருந்த போனசை 10 ஆகக் குறைத்ததுதான் காரணம். சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே நின்றார்கள். "பெண்கள் ஒற்றுமை" என்ற பொருளில் "பெம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் காரியம் முடிந்தது. போனசோடு தனித் தொகையும் சேர்த்து 20 சதவிகிதத்துக்குச் சமமாகப் பெற்றார்கள்.

2017 ஏப்ரலில் கேரள மின்சார அமைச்சர் ஒரு கூட்டத்தில் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசிய பேச்சு தங்களைக் கேவலப்படுத்துகிறது என்று அதே பெண்களில் சிலர் மூணாறு தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். உண்ணாவிரதமும் இருந்தார்கள். அவர்கள் அப்போது கூலி கேட்கவில்லை. போனசு கேட்கவில்லை. "மன்னிப்புக் கேள்" என்றுதான் கேட்டார்கள்.

வசவே சாட்சி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

வசவைத் தனி வழக்காகப் போட்டால் முக்கால்வாசி நேரம் அலைச்சல்தான் மிச்சம். அதே வசவை, வேலை போன வழக்கில் சாட்சியாகக் கொண்டு போனால் அதன் மதிப்பு கூடும். எப்படி?

தொழிலாளியை நீக்குவதில் சில வகைகளை "நேர்மையற்ற தொழில் நடவடிக்கை" என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. பழிவாங்குவதற்காக நீக்குவது. நல்லெண்ணம் இல்லாமல் நீக்குவது. பொய்க் காரணம் சொல்லி நீக்குவது. விசாரிக்காமல் அவசர அவசரமாக நீக்குவது. சிறு தப்புக்குப் பெரிய தண்டனையாக நீக்குவது. இவை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

"காய் குறைவாக எடுத்தாள், அதனால் நீக்கினேன்" என்று தோட்டக்காரர் கோர்ட்டில் சொல்கிறார் என்று வையுங்கள். "அப்படியானால் திருடி என்று ஏன் சொன்னீர்கள்? சாதியை ஏன் சொன்னீர்கள்?" என்று வக்கீல் கேட்பார். அங்கே காரணம் பொய் என்று தெரிந்துவிடும். மனத்தில் இருந்த பகை வெளியே வந்துவிடும். நீக்கம் செல்லாது என்று ஆனால் வேலையும், பாக்கிச் சம்பளமும் கிடைக்க வழி பிறக்கும். தப்பாக நீக்கப்பட்டவருக்கு முழுப் பாக்கிச் சம்பளத்தோடு வேலை தருவதே சாதாரண முறை என்று 2013-ல் மராட்டிய ஆசிரியை ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

இந்த வழக்குப் போடும் உரிமை சும்மா வந்தது அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில், 1859-ல் வந்த ஒரு சட்டப்படி, முன்பணம் வாங்கிய கூலி ஆள் வேலையை விட்டுப் போனால் அவருக்கே ஜெயில்! 1947-ல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. அப்போதும் தனி ஆளின் வேலை போனால் சங்கமோ, மற்றத் தொழிலாளர்களோ சேர்ந்து கேட்டால்தான் வழக்கு. தனி ஆளின் வேலை நீக்கமும் தொழில் தகராறுதான் என்று 1965-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. தனி ஆளின் உரிமை அதிலும் இருக்கிறது. முதலில் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். அங்கே முடியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது. முன்பு 3 வருடம் அவகாசம் இருந்தது. இப்போது 2 வருடம். அதற்குப் பிறகு சமரச அதிகாரி கையில் எடுக்க மாட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு என்று சொல்லி நிறுத்தினால், ஒரு மாத நோட்டீசு அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசி நிலுவைக் கூலியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். "அடுத்த வாரம் வா, அதற்கு அடுத்த வாரம் வா" என்பது செல்லாது.

மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவருக்கு இந்த வழி கிடையாது. மானேஜருக்கும் கிடையாது. அவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் கல்கத்தா ஆடிசின் நிழல் குறுக்கே விழும். கூலிக்காரப் பெண்ணுக்கு இருக்கிற பாதுகாப்பு சில சமயம் மானேஜருக்கு இல்லை!

போடியில் ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1947-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் அப்பீல் உண்டு.

எந்த ஊர்க் கோர்ட்டு?

சிலமலைக்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில். வேலை கேரளத்தில். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தோட்டமும் அங்கே போயிற்று. கூலி ஆள் இங்கே நின்றுவிட்டார்.

போடிமெட்டுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் வேலை போனால், சமரச மனுவைக் கேரளத் தொழிலாளர் துறையில் கொடுக்க வேண்டும். தேனியில் கொடுத்தால் "இடுக்கிக்குப் போ" என்பார்கள். குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் நம் மாநிலத்துத் தோட்டம் என்றால் தேனியிலேயே கொடுக்கலாம்.

போலீஸ் புகாருக்கு இந்தத் தடை இல்லை. புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. சாதி வசவு, பெண் மானத்துக்கு இழுக்கு போன்ற குற்றமானால் போடியில் எழுதிக்கொண்டு சாந்தன்பாறைக்கு அனுப்பி வைக்க வேண்டும். "அது கேரளம், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று திருப்பி அனுப்புவது சட்டப்படி சரி அல்ல.

அடுத்த தொல்லை, "நீ எங்கள் ஆளே அல்ல" என்ற பதில். தினக்கூலி. ஜீப்காரர் கூட்டி வந்த ஆள். பேர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வழக்குகள் பலவும் தோற்பது இந்த இடத்தில்தான். வசவை நிரூபிப்பதற்கு முன்னால் வேலையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது! 10 பேருக்குக் குறையாத இடங்களில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மலையில் எத்தனை பேர் கையில் அந்தக் கடிதம் வந்து சேரும் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

கடிதம் இல்லாதவர்கள் என்ன செய்வது? வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தோட்டத்தின் பெயர், வாங்கிய கூலி மூன்றையும் தினமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கூலி பாங்கியில் விழுந்தால் அந்தப் பாஸ் புத்தகம் நல்ல சாட்சி. திட்டு விழுந்த அன்று, என்ன வார்த்தை, எந்த இடம், யார் யார் நின்றார்கள் என்பதை அன்று இரவே எழுதிவிட வேண்டும். நாகரிகம் பார்த்து "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். புகாரில் வார்த்தை இல்லாததால் தள்ளுபடியான வழக்குகள் உண்டு.

செல்போனில் பதிவு செய்திருந்தால் அழிக்கக் கூடாது. பதிவு செய்த போனை விற்கவும் கூடாது. கோர்ட்டில் அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். கூட நின்றவர்கள் சாட்சி சொல்லப் பயப்படுவார்கள். நாளைக்கு அவர்களும் அதே ஜீப்பில் ஏற வேண்டும் அல்லவா? அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவராவது வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தால் வெறுங்கையோடு வரக் கூடாது. வழக்குப் பதிந்தால் அதன் நகல் இலவசம். பதியாவிட்டால் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்க வேண்டும்.

வக்கீல் பீசுக்குப் பயந்து பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், மலைவாழ் மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சர்க்கார் செலவில் வக்கீல் கிடைப்பார். இது 1987-ம் ஆண்டுச் சட்டம். தேனி மாவட்டத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இடுக்கிக்கும் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே போன் எண் 15100. காசு பிடிக்காது. தமிழில் பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.